ஒற்றி முதல் பேலன்ஸ் டிரான்ஸ்பர் வரை: கடனை மாற்றும் உரிமையின் கதை

இது கொஞ்சம் நீளமான பதிவு. வீட்டுக்கடன் கட்டிக்கொண்டிருப்பவர்கள், அதிலும் மாதச் சம்பளம் என்று ஒன்று இல்லாமல் கான்ட்ராக்ட் வேலை பார்த்துக் கட்டுகிறவர்கள், நேரம் கிடைக்கும்போது பொறுமையாகப் படியுங்கள். நான் பள்ளி ஆசிரியராக இருந்தவன். வங்கியில் வேலை பார்த்தவன் அல்ல. வரலாற்றில் உள்ள ஆர்வத்தால் இந்தப் பக்கத்தில் எழுதுகிறேன்.

2025 தொடக்கத்தில் 6.5 சதவீதமாக இருந்த ரெப்போ வட்டியை ரிசர்வ் வங்கி அந்த ஆண்டு ஜூன் மாதத்துக்குள் மூன்று தடவையாக 5.5 ஆகக் குறைத்தது. டிசம்பரில் இன்னொரு கால் சதவீதம் குறைந்தது. அதிலிருந்து நாகர்கோவிலில் எங்கே நாலு பேர் கூடினாலும் "கடனை வேற பேங்குக்கு மாத்தியாச்சா?" என்ற பேச்சு வந்துவிடுகிறது. சம்பளக்காரர் சம்பளச் சீட்டைக் கொண்டுபோய்க் கொடுத்து மாற்றிவிடுகிறார். கொத்தனார் வேலையை கான்ட்ராக்ட் எடுப்பவர், வயரிங் வேலை எடுப்பவர், கம்பெனியில் ஆண்டுக்கு ஆண்டு ஒப்பந்தம் புதுப்பித்து வேலை செய்யும் இன்ஜினியர் ஆகியோர் போனால் அது அவ்வளவு எளிதாக நடப்பதில்லை.

ஏன் இப்படி? இதற்குப் பதில் தேடினால் நம் நாஞ்சில் நாட்டின் பழைய ஓலைகள் வரைக்கும் போக வேண்டியிருக்கிறது.

ஒற்றியும் மேலொற்றியும்

'ஒத்தி' என்று நாம் பேச்சில் சொல்லும் ஒற்றி நம் ஊருக்குப் புதிதல்ல. அழகியபாண்டியபுரம் பெரியவீட்டு முதலியார் குடும்பத்தில் இருந்த ஓலைச்சுவடிகளைக் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை கண்டெடுத்து வெளியுலகுக்குச் சொன்னார். 'முதலியார் ஓலைகள்' என்று ஆய்வாளர்கள் சொல்வது இவற்றைத்தான். விலை ஓலை, ஒற்றி ஓலை என்று பல நூற்றாண்டுகளின் கொடுக்கல் வாங்கல் அதில் இருக்கிறது. இந்த வகை ஆவணங்களில் தேதி கொல்லம் ஆண்டில் இருக்கும். 825ஐக் கூட்டினால் ஆங்கில ஆண்டு வந்துவிடும்.

ஒற்றியின் நடைமுறை எளிது. ஒருவருக்கு ஒரு கோட்டை விதைப்பாடு வயல் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மகள் கல்யாணத்துக்குப் பணம் வேண்டும். பணம் உள்ளவரிடம் தொகையை வாங்கிக்கொண்டு வயலை அவர் கையில் விட்டுவிடுவார். கடன் கொடுத்தவர் பயிர் செய்து நெல்லை எடுத்துக்கொள்வார். அந்த நெல்தான் வட்டி. பணத்தைத் திருப்பிக் கொடுக்கும் நாளில் வயல் திரும்ப வரும்.

இதில் கவனிக்க வேண்டியது, கடன் வாங்குபவருக்கு மாதம் என்ன வருமானம் என்று யாரும் கேட்கவில்லை. கேட்க வேண்டிய தேவையும் இல்லை. வட்டியைத் தருவது நிலம். ஆள் சம்பாதித்தாலும் சும்மா இருந்தாலும் கன்னிப்பூவும் கும்பப்பூவும் விளைந்தால் வட்டி வந்துவிடும்.

சரி, வயல் நன்றாக விளைகிறது, கொடுத்த தொகையோ குறைவு என்றால் என்ன செய்வது? அதற்கும் வழி இருந்தது. அதன் பெயர் மேலொற்றி. சொந்தக்காரர் இன்னொருவரிடம் கூடுதல் தொகைக்கு அதே நிலத்தை மேலொற்றியாக எழுதிக் கொடுப்பார். அந்த இரண்டாமவர் முதல் ஒற்றிக்காரருக்குச் சேர வேண்டிய பணத்தைக் கொடுத்து நிலத்தை மீட்டுக்கொள்வார். மீதித் தொகை சொந்தக்காரர் கைக்கு வரும். கடன் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு மாறிவிட்டது. இன்று 'பேலன்ஸ் டிரான்ஸ்பர்' என்று வங்கிகள் விளம்பரம் செய்வது இதைத்தான்.

முதல் ஒற்றிக்காரரிடமே அதே நிலத்தின் பேரில் இன்னும் கொஞ்சம் பணம் வாங்கினால் அதற்குப் புறக்கடம் என்று பெயர். இன்றைய 'டாப் அப்' கடன்.

மலபார் பக்கத்து ஒற்றி வழக்கத்தில் இன்னொரு சுவையான விதியும் உண்டு. நிலத்தின் பேரில் வெளியாள் கூடுதல் தொகை தர முன்வந்தால், ஏற்கனவே ஒற்றி பிடித்திருப்பவர் அதே தொகையைத் தானே கொடுத்து நிலத்தை வைத்துக்கொள்ள முன்னுரிமை உண்டு. இன்று நீங்கள் வங்கியில் போய் "கடனை மாற்றப்போகிறேன், கணக்கை முடித்துக் கொடுங்கள்" என்று எழுதிக் கொடுத்துப் பாருங்கள். இரண்டு நாளில் போன் வரும், "சார், நாங்களே வட்டியைக் குறைத்துத் தருகிறோம்" என்று. பழைய பழக்கம்தான்.

இதைச் சொல்வதால் அந்தக் காலம் பொற்காலம் என்று நினைத்துவிட வேண்டாம். நிலம் உள்ளவருக்கு மட்டும்தான் இந்த வழி. நிலத்தைப் போலவே உழைக்கும் மனிதர்களையும் விற்கவும் ஒற்றி வைக்கவும் செய்த காலம் அது. அடிமைகளைப் பற்றிய ஆவணங்களும் முதலியார் ஓலைகளில் இருக்கின்றன. வயலில் இறங்கி வேலை செய்தவருக்கு ஈடு வைக்க எதுவும் இல்லை. பல இடங்களில் அவரே ஈடாக இருந்தார்.

ஈடு வைக்கும் உரிமை யாருக்கு?

ஒரு பொருளை ஈடு வைக்க வேண்டுமென்றால் முதலில் அது நம்முடையதாக இருக்க வேண்டும். திருவிதாங்கூரில் பெரும்பகுதி நிலம் சர்க்கார் பாட்ட நிலம். பயிர் செய்தவருக்கு அதன்மேல் முழு உரிமை இல்லை. 1865இல் வந்த பாட்ட விளம்பரம் அந்த நிலையை மாற்றியது. சர்க்கார் பாட்ட நிலத்தை வைத்திருந்த குடியானவருக்கு அதை விற்கவும் ஈடு வைக்கவும் உரிமை வந்தது. திருவிதாங்கூர் விவசாயியின் வரலாற்றில் இது பெரிய திருப்பம்.

நாஞ்சில் நாட்டு வேளாளர்களுக்கு இன்னொரு தடை இருந்தது. மருமக்கள் வழி. குடும்பச் சொத்து காரணவர் கையில். தனியாள் தன் பங்கைப் பிரித்துக் கேட்க முடியாது, ஈடு வைக்கவும் முடியாது. இந்த முறையால் குடும்பங்கள் பட்ட பாட்டைக் கவிமணி 'மருமக்கள்வழி மான்மிய'மாக எழுதியது உங்களுக்குத் தெரியும். கொல்லம் 1101, அதாவது 1926இல் வந்த நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டம் அந்தக் கட்டை அவிழ்த்தது. பாகம் பிரிந்து, தன் பெயரில் பிரமாணம் கையில் வந்த பிறகுதான் ஒரு சாதாரண மனிதர் தன் வீட்டை வைத்துத் தானே கடன் வாங்க முடிந்தது.

ஆங்கிலேய இந்தியாவில் 1882இல் சொத்து மாற்றுச் சட்டம் வந்தது. அதன் 60ஆம் பிரிவு, கடனை அடைத்தால் ஈட்டை மீட்கும் உரிமையைச் சொல்கிறது. ஈடு வைத்த சொத்து ஈடாகவே இருக்க வேண்டும். கடன் கொடுத்தவர் தந்திரமான வாசகம் ஒன்றைப் பத்திரத்தில் நுழைத்து அதை விற்பனையாக்கிவிட முடியாது.

1929இல் இந்தச் சட்டத்தில் இரண்டு முக்கியமான சேர்க்கைகள் வந்தன. 60ஏ பிரிவு: கடன் வாங்கியவர் பணத்தைக் கட்டும்போது, சொத்தைத் தன் பெயருக்குத் திருப்பி எழுதுவதற்குப் பதிலாக, தான் சொல்லும் மூன்றாம் நபருக்கு அந்த ஈட்டை மாற்றித் தரும்படி கேட்கலாம். 92ஆம் பிரிவு: பழைய கடனை அடைக்கப் பணம் கொடுத்தவர், கடன் வாங்கியவரோடு பதிவு செய்த ஆவணத்தின் மூலம் ஒப்புக்கொண்டிருந்தால், பழைய கடன் கொடுத்தவரின் இடத்தில் வந்து நிற்கிறார். நம் மேலொற்றி வழக்கத்துக்கு இணையான ஒரு ஏற்பாடு இங்கே சட்டப் புத்தகத்தில் இடம்பிடித்துவிட்டது. கடனை மாற்றுவது வங்கி நமக்குச் செய்யும் தயவு அல்ல. ஈட்டை மீட்கும் உரிமையிலிருந்து பிறந்த உரிமை அது.

நிலத்திலிருந்து சம்பளத்துக்கு

இருபதாம் நூற்றாண்டில் கடன் கொடுப்பவர் தனியாளாக இருந்த நிலை மாறி வங்கிகள் வந்தன. திருவிதாங்கூரில் வங்கிகள் ஏராளமாக முளைத்தன. 1938இல் திருவிதாங்கூர் நேஷனல் அண்டு குயிலான் வங்கி விழுந்தது. தென்னிந்தியாவையே உலுக்கிய சம்பவம் அது. போட்டவர்கள் பணத்தை இழந்து தவித்தார்கள். பிறகு திருவிதாங்கூர் வங்கி 1945இல் தொடங்கி, ஸ்டேட் பாங்க் ஆப் திருவாங்கூர் ஆகி, 2017 ஏப்ரல் 1இல் ஸ்டேட் வங்கியோடு கலந்தது வரை நம்மில் பலர் கண்ணால் பார்த்தது. 1956 நவம்பர் 1இல் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் தமிழகத்தோடு இணைந்தபோதும் நம் ஊரின் கொடுக்கல் வாங்கல் பழக்கத்தில் திருவிதாங்கூர் மணம் போகவில்லை. இன்றும் பத்திரத்தைப் பிரமாணம் என்றும் சொத்தை வஸ்து என்றும்தானே சொல்கிறோம்.

ஆனால் வீடு கட்டுவதற்கென்று நீண்டகாலக் கடன் என்பது வெகுகாலம் வரை சாதாரண மனிதருக்குக் கிடைக்கவில்லை. அரசு ஊழியருக்கு வீடு கட்டும் முன்பணம் உண்டு. சில ஊர்களில் கூட்டுறவு வீடு கட்டும் சங்கம் உண்டு. மற்றவர்கள் சீட்டுப் பிடித்தார்கள், நகையை வைத்தார்கள், வளைகுடாவுக்குப் போய்ச் சம்பாதித்து வந்து கட்டினார்கள். 1970இல் ஹட்கோ தொடங்கியது. 1977இல் எச்.டி.பரேக் முயற்சியால் எச்டிஎஃப்சி தொடங்கியது. அதன் முதல் வீட்டுக்கடன் 1978இல். தேசிய வீட்டுவசதி வங்கி 1988இல் வந்தது. எல்ஐசி வீட்டுவசதி நிறுவனம் 1989இல்.

இந்தப் புதிய கடனில் அடிப்படை ஒன்று மாறிவிட்டது. ஒற்றியில் வட்டி கொடுத்தது வயல். குடியிருக்கும் வீடு நெல் விளைவிக்காது. அப்படியானால் பதினைந்து இருபது ஆண்டுகள் தவணையைக் கட்டப்போவது யார்? அந்த ஆளின் சம்பளம். ஆகவே வங்கி முதலில் பார்ப்பது சம்பளத்தை, அடுத்துத்தான் பிரமாணத்தை. ரிசர்வ் வங்கி விதிப்படி 30 லட்சம் வரையான கடனுக்கு வீட்டு மதிப்பில் 90 சதவீதம் வரை கொடுக்கலாம். ஆனால் அது உச்சவரம்புதான். எவ்வளவு கிடைக்கும் என்பதைத் தீர்மானிப்பது மாத வருமானம்.

என்னைப் போன்ற ஆசிரியர்களுக்கு இது வசதியாக இருந்தது. மாதம் பிறந்தால் சம்பளம், பிடித்தம் போக மீதி கைக்கு. எங்களைப் பார்த்து வகுத்த முறை இது என்றே சொல்லலாம். கொத்தனார் மேஸ்திரிக்கும் வயரிங் கான்ட்ராக்டருக்கும் இந்தச் சட்டை பொருந்தவில்லை.

அமெரிக்காவில் 1933

கடனை மாற்றிக் கொடுப்பதை ஓர் அரசாங்கமே நாடு முழுக்கச் செய்த கதை ஒன்று உண்டு. 1929இல் தொடங்கிய பெருமந்தத்தில் அமெரிக்காவில் லட்சக்கணக்கானோர் வேலை இழந்தார்கள். அன்று அங்கே வீட்டுக்கடன் பெரும்பாலும் மூன்று முதல் ஐந்து ஆண்டுகளுக்குத்தான். அதுவரை வட்டி கட்டி, கடைசியில் முதலை மொத்தமாகக் கொடுக்க வேண்டும், அல்லது புதுப்பிக்க வேண்டும். வங்கிகளே விழுந்துகொண்டிருந்தபோது யார் புதுப்பிப்பார்கள்? வீடுகள் ஏலத்துக்கு வந்தன.

1933 ஜூனில் ரூஸ்வெல்ட் அரசு வீட்டு உரிமையாளர் கடன் கழகம் ஒன்றை உருவாக்கியது. அது பழைய கடன்களைத் தான் எடுத்துக்கொண்டு, 15 ஆண்டுகளில் முதலும் வட்டியும் சேர்த்து மாதத் தவணையாகக் கட்டும்படி, 5 சதவீத வட்டியில் மாற்றிக் கொடுத்தது. மூன்று ஆண்டுகளில் சுமார் 10 லட்சம் குடும்பங்களுக்குக் கடன் மாறியது. அவற்றில் சுமார் 2 லட்சம் வீடுகள் பிறகும் கைவிட்டுப் போயின. மீதிக் குடும்பங்கள் வீட்டைக் காப்பாற்றிக்கொண்டன. 1951இல் கணக்கை முடித்தபோது கழகத்துக்கு நட்டமில்லை.

அதே கழகம்தான் நகரங்களுக்கு வரைபடம் போட்டு, கறுப்பின மக்கள் வாழ்ந்த பகுதிகளை ஆபத்தான பகுதி என்று சிவப்பு வண்ணத்தில் குறித்தது. கடனை எளிதாக்கும் ஏற்பாடு வரும்போதெல்லாம் யாரையாவது வெளியே நிறுத்தும் கோடும் கூடவே வருகிறது.

அபராதம் நீங்கிய கதை

நம் நாட்டில் 1994 அக்டோபரில் 2 லட்சத்துக்கு மேற்பட்ட கடன்களின் வட்டியை வங்கிகளே முடிவு செய்துகொள்ளலாம் என்றாயிற்று. போட்டி வந்தது, வட்டி குறைந்தது. ஆனால் குறைந்த வட்டி புது வாடிக்கையாளருக்குத்தான். பழையவர் பழைய வட்டியிலேயே கட்டிக்கொண்டிருந்தார். வேறு வங்கிக்குப் போகலாம் என்றால் முன்கூட்டியே முடிப்பதற்கு அபராதம் கேட்டார்கள். மீட்கும் உரிமை சட்டத்தில் இருந்தது, வாசலில் உண்டியல் வைத்துவிட்டார்கள்.

வீட்டுவசதி நிறுவனங்கள் இப்படி அபராதம் வாங்குவதை 2010, 2011இல் தேசிய வீட்டுவசதி வங்கி கட்டுப்படுத்தியது. 2012 ஜூனில் ரிசர்வ் வங்கி, மாறும் வட்டியில் உள்ள வீட்டுக்கடனை முன்கூட்டியே முடிக்க வங்கிகள் அபராதம் வாங்கக் கூடாது என்று உத்தரவிட்டது. பேலன்ஸ் டிரான்ஸ்பர் என்ற சொல் நம் ஊர் வரைக்கும் வந்து சேர்ந்தது இதற்குப் பிறகுதான்.

2019 அக்டோபர் 1 முதல் வங்கிகளின் புதிய வீட்டுக்கடன் வட்டி ரெப்போ போன்ற வெளி அளவுகோலோடு கட்டப்பட்டது. ரெப்போ குறைந்தால் வட்டி தானாகக் குறைய வேண்டும். ஆனால் இந்த விதி வங்கிகளுக்கு மட்டும். வீட்டுவசதி நிதி நிறுவனங்களுக்கு இல்லை. கான்ட்ராக்ட் வேலை செய்பவர்களுக்கு வங்கியில் கடன் மறுக்கப்பட்டால் அவர்கள் போய்ச் சேர்வது பெரும்பாலும் இந்த நிதி நிறுவனங்களிடம்தான். வட்டி தானாகக் குறையும் வசதி, சம்பளக்காரர் அதிகம் உள்ள இடத்தில் இருக்கிறது. மற்றவர் உள்ள இடத்தில் இல்லை.

அதே ஆள், அதே வீடு

என்னிடம் படித்த ஒருவர் வயரிங் கான்ட்ராக்ட் எடுத்துச் செய்கிறார். ஒரு நிதி நிறுவனத்தில் வீட்டுக்கடன். எட்டு ஆண்டுகளாக ஒரு தவணைகூடத் தவறவில்லை. வட்டி அதிகமாக இருக்கிறதே என்று ஒரு வங்கியில் மாற்றக் கேட்டார். வருமான வரிக் கணக்கைப் பார்த்துவிட்டு, "இந்த வருமானத்துக்கு இவ்வளவு கடன் தர முடியாது" என்றார்கள்.

"சார், கூடுதல் தவணையை எட்டு வருசமா கட்டிட்டு இருக்கேன். அதைவிடக் குறைஞ்ச தவணையைக் கட்ட எனக்குத் தகுதி இல்லைன்னு சொல்லுதாங்க. இது என்ன கணக்கு சார்?" என்று கேட்டார்.

கணக்கு இப்படித்தான். ஓர் உதாரணம் பாருங்கள். 20 லட்சம் பாக்கி, இன்னும் 15 ஆண்டு. 10.5 சதவீத வட்டியில் மாதத் தவணை சுமார் 22,108 ரூபாய். 8.5 சதவீதத்துக்கு மாற்றினால் சுமார் 19,695. மாதம் 2,400 ரூபாய்க்கு மேல் மிச்சம். 15 ஆண்டில் 4 லட்சத்து 34 ஆயிரம். ஒரு பிள்ளையின் கல்லூரிப் படிப்புச் செலவு அது.

இதைத் தடுப்பது எது? 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தில் சிறு தொழில் செய்பவருக்கு 44ஏடி என்றொரு பிரிவு. கணக்குப் புத்தகம் எழுத வேண்டாம், மொத்த வரவில் 8 சதவீதத்தை (வங்கி வழியாக வந்ததென்றால் 6 சதவீதத்தை) லாபமாகக் காட்டினால் போதும் என்கிறது. இன்ஜினியர், மருத்துவர் போன்ற தொழில்முறையாளருக்கு 44ஏடிஏ. அது 2016ஆம் ஆண்டு நிதிச் சட்டத்தில் வந்தது. மொத்த வரவில் பாதியைக் காட்டினால் போதும். இந்த விகிதங்கள் குறைந்தபட்சம்தான். உண்மையான லாபம் கூடுதல் என்றால் கூடுதலாகக் காட்டலாம். ஆனால் வரி மிச்சம் என்று எல்லாரும் குறைந்தபட்சத்தையே காட்டுகிறார்கள். ஆடிட்டரும் அதையே எழுதிக் கொடுக்கிறார்.

ஆண்டுக்கு 48 லட்சம் வேலை எடுத்தவர் 8 சதவீதம் காட்டினால் 3,84,000. மாதத்துக்கு 32,000. அதில் பாதியைத் தவணைக்கு ஒதுக்கலாம் என்று வங்கி வைத்தாலும் 16,000 ரூபாய்தான் தகுதி. மேலே சொன்ன 19,695 ரூபாய்த் தவணைக்கு அவர் 'தகுதியற்றவர்' ஆகிறார். ஒப்பந்த இன்ஜினியர் ஆண்டுக்கு 12 லட்சம் வாங்கிப் பாதியைக் காட்டினால், பக்கத்து மேசையில் அதே 12 லட்சம் சம்பளம் வாங்குகிறவரோடு ஒப்பிட அவருடைய தகுதி பாதி. வருமான வரி அலுவலகத்துக்காக எழுதிய காகிதத்தை வங்கி வேறொரு கேள்விக்கு விடையாகப் படிக்கிறது.

சம்பளச் சீட்டு இல்லாதவருக்கென்றே யோசித்த அமைப்புகள் நம் மாநிலத்தில் இல்லாமலில்லை. பர்மா, இலங்கையிலிருந்து எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்த தமிழர்களுக்காக 1969இல் ரெப்கோ வங்கி தொடங்கியது. அவர்களிடம் நிலமும் இல்லை, சம்பளச் சீட்டும் இல்லை. அந்த வங்கி 2000இல் தொடங்கிய வீட்டுக்கடன் நிறுவனம் சுயதொழில் செய்பவர்களுக்கு நிறையக் கடன் கொடுத்து வளர்ந்தது. ஆளையும் தொழிலையும் நேரில் பார்த்துக் கடன் கொடுக்க முடியும் என்பதற்கு இது சாட்சி.

செய்யக்கூடியவை

இந்த நிலையில் உள்ளவர்களுக்காக, தெரிந்தவர்களிடம் கேட்டும் படித்தும் திரட்டியதைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

1. முதலில் இப்போது கடன் உள்ள இடத்திலேயே வட்டியைக் குறைக்கச் சொல்லி எழுத்தில் கேளுங்கள். சிறு கட்டணம் வாங்கிக்கொண்டு குறைப்பார்கள். புதிதாக வருமானச் சான்று பெரும்பாலும் கேட்கமாட்டார்கள்.

2. மாற்றுவது என்று முடிவு செய்தால் இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு முன்பிருந்தே தயாராக வேண்டும். உண்மையான லாபத்தை வருமான வரிக் கணக்கில் காட்டுங்கள். அதனால் கூடும் வரியையும், வட்டியில் மிச்சமாகும் தொகையையும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

3. கூலியையும் வேலைப் பணத்தையும் கையில் வாங்காமல் கணக்கில் வாங்குங்கள். வேலை ஒப்பந்தக் கடிதங்களைச் சேர்த்து வையுங்கள். மனைவிக்கோ மகனுக்கோ நிலையான சம்பளம் இருந்தால் இணை விண்ணப்பதாரராகச் சேர்க்கலாம்.

4. செலவை முன்கூட்டியே கேளுங்கள். அபராதம் இல்லை என்பதால் செலவே இல்லை என்று அர்த்தமல்ல. புதிய வங்கியின் பரிசீலனைக் கட்டணம், வக்கீல் கருத்துரை, வீட்டு மதிப்பீடு, உரிமைப் பத்திர ஒப்படைப்பைப் பதிவு செய்ய முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் எல்லாம் உண்டு. பழைய கடனுக்கு ரசீது ஆவணம் பதிவு செய்து, வில்லங்கச் சான்றிதழில் அது ஏறிவிட்டதா என்று பாருங்கள். வீட்டு வரைபட அனுமதி சரியில்லாமல் பின்வாங்கும் வங்கிகளும் உண்டு.

5. கடனை நேரடியாக முடித்தால் அசல் பிரமாணத்தை 30 நாளில் திருப்பித் தர வேண்டும் என்றும், தங்கள் தவறால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் கொடுக்க வேண்டும் என்றும் 2023 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. அந்த ஆண்டு டிசம்பர் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. பிரமாணங்களின் பட்டியலை இப்போதே எழுதி வாங்கி வையுங்கள்.

6. கால அளவில் கவனம். மேலே சொன்ன அதே 20 லட்சத்தை 8.5 சதவீதத்தில் புதிதாக 20 ஆண்டுக்கு எழுதினால் தவணை 17,356 ஆகக் குறையும். மனசுக்கு இதமாக இருக்கும். மொத்தமாகக் கட்டுவது 41 லட்சத்து 65 ஆயிரம். பழைய வட்டியிலேயே 15 ஆண்டு கட்டினால் 39 லட்சத்து 79 ஆயிரம்தான். வட்டியைக் குறைத்தும் 1,86,000 ரூபாய் கூடுதலாகக் கட்டுகிறீர்கள். மீதமுள்ள அதே ஆண்டுகளுக்கே எழுதச் சொல்லுங்கள்.

7. டாப் அப் தருகிறோம் என்பார்கள். புறக்கடம் வாங்கி வாங்கிக் கடைசியில் மீட்கவே முடியாமல் வயலை இழந்த குடும்பங்களின் கதையை நம் பாட்டிகள் சொல்லிக் கேட்டிருக்கிறோம். அவசியம் இருந்தால் மட்டும் வாங்குங்கள்.

முடிவாக

பழைய ஒற்றியில் கடன் கொடுப்பவர் வயலைப் பார்த்தார். இன்றைய வங்கி சம்பளச் சீட்டைப் பார்க்கிறது. இரண்டிலுமே, நாள்தோறும் உழைத்துச் சம்பாதிப்பவர் பார்வையில் படவில்லை. அன்று அவரிடம் நிலம் இல்லை, இன்று சீட்டு இல்லை.

ஆனால் இன்று முன்பு இல்லாத ஒன்று இருக்கிறது. கடன் தகவல் நிறுவனங்களுக்கான சட்டம் 2005இல் வந்த பிறகு, ஒருவர் கட்டிய ஒவ்வொரு தவணையும் பதிவாகிறது. எட்டு ஆண்டு, அதாவது 96 மாதம், தவறாமல் கட்டியவரின் பதிவு வங்கியின் கணினியிலேயே இருக்கிறது. வருமான வரிக் கணக்கு ஒருவரால் கட்ட முடியுமா என்பதற்கு ஓர் ஊகம்தான். 96 தவணை, அவர் கட்டிவிட்டார் என்பதற்கு நேரடிச் சான்று. கடன் தொகையைக் கூட்டாமல், காலத்தை நீட்டாமல், தவணையை மட்டும் குறைக்கும்படி மாற்றக் கேட்பவருக்கு அந்தச் சான்றே போதும் என்று ரிசர்வ் வங்கி ஒரு விதி செய்தால் யாருக்கும் நட்டமில்லை. 1865இலும் 1926இலும் 1929இலும் 2012இலும் ஏதோ ஒரு தடையைச் சட்டமோ உத்தரவோ எடுத்திருக்கிறது. இதையும் எடுக்கலாம். உங்கள் தொழிற்சங்கத்திலும் ஒப்பந்தக்காரர் சங்கத்திலும் இதைப் பேசுங்கள்.

இன்னொரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பரணிலோ பழைய பெட்டியிலோ ஒற்றி ஓலை, மேலொற்றிப் பிரமாணம் ஏதாவது கிடந்தால் குப்பை என்று எரித்துவிடாதீர்கள். படிக்கத் தெரியாவிட்டாலும் படம் எடுத்து வையுங்கள். உங்கள் தாத்தா யாரிடமிருந்து யாரிடம் கடனை மாற்றினார் என்ற கதை அதற்குள் இருக்கும். கமெண்டில் போட்டால் எல்லாரும் சேர்ந்து படித்துப் பார்ப்போம்.